இடது பக்கத்து பிரேக்

ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம் இன்னும் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் வந்தது, ஜெசிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டது வந்தது, ரேணுகா அக்கா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டது வந்தது, ஸ்பூன் மட்டும் வரவில்லை. நான் சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கும் புறா வலைக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன இடத்தில், கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு நிற்கிறேன். சின்ன வயதில் ஒளிந்து விளையாடும்போதுகூட நான் சீக்கிரமே வெளியே வந்துவிடுவேன், தேடுகிறவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். இப்போது வரக் கூடாது. "இன்னைக்கு ஒரு நேரம் மட்டும் நீ அம்மா கண்ணுல படாம இருந்துக்கறியா கண்ணு" என்று ரேணுகா அக்கா காலையில் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். நான் கடைக்குப் போயிருப்பதாக அக்காவின் அம்மா குணாம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. இன்று மதியம் அவர், எனக்குப் பதிலாக வந்திருக்கிற ஜெசிந்தாவின் கையால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நான் மாலைப் பேருந்தில் ஏறலாம். சாப்பிடாவிட்டாலும் ஏறித்தான் ஆக வேண்டும், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளை காலை நான் நர்ஸாகச் சேர வேண்டும், அரசாங்க வேலை, ஆத்தூரில் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் லட்டு கொடுத்து முடித்துவிட்டாள். ஆனால் குணாம்மா சாப்பிடாவிட்டால் இரண்டு நாளில் மறுபடியும் அவர் மூக்கில் குழாய் ஏறும். டாக்டர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், அதனால்தான் பயமாக இருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் ஜெசிந்தா நீட்டிய ஸ்பூனுக்கு அவர் உதட்டைப் பிரிக்கவே இல்லை. நான் வாங்கி நீட்டியதும் திறந்தார். அப்போது என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பூனைக்குட்டி மாதிரி நெளிந்து சுருண்டு படுத்துக்கொண்டது. அது சந்தோஷம்தான். இந்த மெஷினைத் தவிர வேறு யாரும் இல்லாத இடத்தில் அதற்கு வேறு பேர் வைப்பானேன்.

குழாய் என்றால் குழாய் மட்டும் இல்லை. நான் முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்த நாளில் அவர் அப்படித்தான் படுத்திருந்தார், மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறிப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிய குழாயோடு. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் போயிருந்தது, கை, கால், கன்னம், நாக்கில் பாதி. மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கை குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதால் ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு துணிப்பையை உறை மாதிரி மாட்டி மணிக்கட்டில் கட்டி அனுப்பியிருந்தார்கள். இருக்கிற ஒரே கைக்கும் பை. அவர் அந்தப் பையைப் பார்த்த பார்வை, திருப்பத்தில் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே வந்தவனைப் பார்ப்பது போல, கோபம்கூட இல்லை, இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்பது போல. எனக்கு அன்று சிரிப்பு வந்தது, புதிய வீட்டில் முதல் நாளே சிரிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவர் அதையும் பார்த்துவிட்டார். அப்புறம் விழுங்கப் பழக்கினோம். சுண்டுவிரல் நகத்தளவு கெட்டித் தயிர். இடது கன்னத்துப் பக்கமாக வைக்க வேண்டும், வலது பக்கம் வைத்தால் அங்கேயே தங்கிவிடும், அவருக்கே தெரியாது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து விழுங்க வேண்டும், நிமிர்ந்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்க வேண்டும், குரல் ஈரமாக, தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல வந்தால் நிறுத்திவிட வேண்டும். நான் வாயைத் திறந்து காட்டுவேன், தாடையைக் குனிந்து காட்டுவேன், விழுங்கிக் காட்டுவேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சாப்பிடுகையில் அம்மா, ஏண்டி ஒவ்வொரு வாய்க்கும் சாமி கும்பிடற மாதிரி தலையைக் குனியற என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போதும் வெறும் எச்சிலை விழுங்கும்போது தாடை தானாக இறங்குகிறது. குழாயை எடுத்துப் பையைக் கழற்றிய அன்று அவர் அந்தக் கையால் முதலில் செய்தது மூக்கைச் சொறிந்துகொண்டதுதான், கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, யாரோ வீணை வாசிப்பது போல அவ்வளவு ரசித்து. அந்தக் கைக்கு மறுபடியும் பையா.

கடுகு தாளிக்கிற வாசனை மேல்மாடியிலிருந்து இறங்குகிறது. வலைக்கு அப்பால் மருதமலை வெயிலில் நீலம் வெளுத்துக் கிடக்கிறது. எனக்குப் பசிக்கிறது, இப்போதா பசிக்க வேண்டும். இன்று அரிசிம்பருப்பு, குழைய வேகவைத்து மசித்து நெய் விட்டது, அவருக்குப் பிடித்தது, ரேணுகா அக்கா வேண்டுமென்றே அதைச் செய்தார், லஞ்சம் மாதிரி. அதோ. ஸ்பூன். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு. ஜெசிந்தா அளவாகத்தான் எடுத்திருப்பாள், கெட்டிக்காரி, தூத்துக்குடியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். என்னைவிடக் கை வேகம், என்னைவிட வாய் வேகம். "வாங்க தாயி, நேத்து உங்க கோவத்தயெல்லாம் பாத்தாச்சு, இன்னைக்கு என் கைய பாருங்க" என்கிறாள். அந்தக் குரல் சமையலறையைத் தாண்டி, என்னைத் தாண்டி, புறா வரைக்கும் போகிறது. நான் இந்த வீட்டில் முதல் சில மாதங்கள் எவ்வளவு மெல்லப் பேசினேன் என்றால், ரேணுகா அக்கா எனக்கும் ஏதோ தொண்டைப் பிரச்சினை என்று நினைத்திருக்கிறார். ஒரு சொல் மட்டும் பேசுகிறவருக்கும் சொல்லவே கூசுகிறவளுக்கும் ஒத்துப்போயிற்று. குணாம்மாவுக்கு மிஞ்சிய அந்த ஒரு சொல் செகண்டு. மூளையில் அந்த இடம் எரிந்துபோகும்போது சிலருக்கு இப்படி ஒரு சொல் தப்பிக் கிடக்கும் என்று படித்திருக்கிறேன், சாமி பேரோ, திட்டோ, பிள்ளை பேரோ. இவருக்கு இரண்டாவது கியர். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர், அதைத்தான் அதிகம் சொல்லியிருப்பார், முதலில் கிளப்பி, நகர்ந்ததும், செகண்டு. தண்ணீர் வேண்டும் என்றாலும் செகண்டு, ரேணுகா எங்கே என்றாலும் செகண்டு. தலையணை சரியில்லை என்பதற்கு அதைக் கொஞ்சம் மூக்கால் சொல்வார். டாக்டர் போன பிறகு சொல்கிற செகண்டு ஒன்று உண்டு, அதை மொழிபெயர்த்தால் டாக்டர் வருத்தப்படுவார். யாரோ வந்து, பாவம், எப்படி இருந்தவங்க என்று அவர் காதுபடவே ஆரம்பித்தால், என் பக்கம் கண்ணை உருட்டி மெதுவாக ஒன்று சொல்வார், நான் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவேன். எல்லாவற்றையும்விட அரிது ஒன்று. சொல்லின் கடைசியில் லேசாகத் தரையைத் தொட்டு எழும், சரி, போ, என்பது போல. நல்லா ஓட்டற, என்பது போல. அது எனக்குக் கிடைக்க வெகு நாள் ஆயிற்று. அவரை முதல்முறையாகத் தனியாகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த அன்று என் காதருகில் சொன்னார். தேர்வு முடிவு வந்த அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஜெசிந்தா காத்திருக்கிறாள். வாயைத் திறந்தாரா. திறக்கவில்லை என்றால் ஜெசிந்தா இந்நேரம் ஏதாவது சொல்லியிருப்பாள், அவளால் அவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியாது. திறந்தாரோ. குணாம்மா, திறங்க. இல்லை, அப்படிச் சொல்வது என் வாய்தான், எனக்குள் இன்னொருத்தி வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், மூடிக்கொண்டே இருங்க, அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து வெண்ணிலா நீயே வா கண்ணு என்று கூப்பிடட்டும், நான் போய் அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறேன், அரசாங்கம் காத்திருக்கட்டும். வாங்கிக்கொண்டு? நாளைக்கு? அரசாங்கம் காத்திருக்காது. அடுத்த வருஷம் அம்மா கல்யாணம் என்று நிற்பாள், அப்போதும் நான் இந்த ஸ்பூனைப் பிடித்துக்கொண்டா இருப்பேன். போன வாரம் இரவுச் சாப்பாடு முடிந்து வாயைத் துடைக்கும்போது நான் அவரிடம் சொன்னேன், வேலை கிடைத்திருக்கிறது, போக வேண்டும் என்று. யோசித்து யோசித்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் போய், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போகணும்மா" என்று மட்டும் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். செகண்டுகூடச் சொல்லவில்லை. துண்டை என் கையிலிருந்து வாங்கித் தன் வாயைத் தானே துடைத்துக்கொண்டார், கோணலாக, வலது மூலையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்ததை விட்டுவிட்டு. அந்தப் பருக்கையை எடுக்கவா வேண்டாமா என்று நான் நின்றேன். எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். இல்லை, எடுக்காததுதான் சரி. இதே இடத்தில்தான் ஒரு வாரமாக மனசு வந்து வந்து முட்டுகிறது, ஒரு பருக்கையில்.

என் செருப்பு. கடவுளே, என் செருப்பு வாசலில் கிடக்கிறது. கடைக்குப் போனவள் செருப்பில்லாமலா போவாள். அவர் நாற்காலி சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பியிருக்கும், மேசைக்கு நேர் எதிரே வாசல், வாசலில் என் நீலப் பட்டைச் செருப்பு ஜோடியாக, நல்ல பிள்ளை மாதிரி. அவர் பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நாற்பது வயதில் ஆரம்பித்துப் பெண்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், வடவள்ளியில் பாதிப் பொம்பளைங்க எங்கம்மாகிட்ட ஓட்டப் பழகினவங்க, மிச்சப் பாதி இன்னும் ஆட்டோவுல போறாங்க என்பார் ரேணுகா அக்கா. ரோட்டோரத்தில் ஒரு பந்து உருண்டால் அதன் பின்னால் வரப்போகிற குழந்தையைப் பார்க்கிற கண் அது. அந்தக் கண்ணுக்காகத்தான் ரேணுகா அக்கா சக்கர நாற்காலியின் இடது கைப்பிடியில் பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றைத் திருகி மாட்டியிருக்கிறார். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது, அதனால். அதில் வரவேற்பறை தெரியும், டிவி தெரியும், சமையலறை வாசல் தெரியும். அதற்குப் பின்னால் இந்தக் கதவு. இந்தக் கதவின் இடுக்கு. நான் மெல்லக் குனிந்து இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். சமையலறைத் தரை, கேஸ் சிலிண்டர், அதற்கப்பால் அவருடைய நாற்காலியின் முதுகு, நான் இன்று காலை பின்னிய சின்னச் சடை, ஜெசிந்தாவின் முழங்கை. கண்ணாடி தூரத்தில் ஒரு வெள்ளிக் காசு மாதிரி மின்னுகிறது. என்ன தெரிகிறது என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. முழங்கை உயர்கிறது. இறங்குகிறது. ஸ்பூன் காலியாகத் திரும்பியிருக்கிறது.

வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டுவிட்டார். பூனைக்குட்டி எழுந்து எங்கேயோ போய்விட்டது, அது படுத்திருந்த இடம் மட்டும் சூடாக இருக்கிறது. சரி, இப்போது தாடை, ஜெசிந்தா, தாடையைப் பார். "குனிஞ்சுக்கிடுங்க தாயி, ஆங், அப்படித்தான், முழுங்குங்க." நல்லவள். சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறாள். "ஒரு பேச்சு பேசுங்க பாப்போம்." செகண்டு, என்கிறார் குணாம்மா. காய்ந்த குரல், நல்ல குரல், துளி ஈரமில்லை, ஆனால் அது எந்தச் செகண்டும் இல்லை, ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற செகண்டு. அடுத்த வாய். என் தாடை இறங்குகிறது, நான் விழுங்குகிறேன். மூன்று நாளாக ஜெசிந்தாவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பது, திருப்பிப் படுக்க வைக்கும்போது வலது தோளை இழுக்கக் கூடாது என்பது, தேங்காய் எண்ணெய் வாசனை பிடிக்காது என்பது, மத்தியானம் தூங்குவது போல நடிப்பார், தூக்கம் இல்லை, டிவியில் அடுத்த வீட்டுச் சண்டைத் தொடர் ஆரம்பித்தால் கண் திறக்கும் என்பது. என்னவோ விட்டுப்போன மாதிரி ஒரு உறுத்தல் மட்டும் காலையிலிருந்து. பெட்டியில் பல் துலக்கும் பிரஷ் வைத்தாயிற்று. சான்றிதழ்கள் வைத்தாயிற்று. ரேணுகா அக்கா கொடுத்த பட்டுப்புடவை, அரக்கு நிறம், என் வாழ்நாளில் நானாக எடுத்திருக்க மாட்டேன், குணாம்மாதான் கடையில் விரலால் காட்டினாராம். வைத்தாயிற்று. அதெல்லாம் இல்லை. வேறு.

டக். இதென்ன சத்தம். டக். நாற்காலியின் கால் பலகை. ஐயோ. ஜெசிந்தா, நிறுத்து. அவர் கால். அதைத்தான் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்லாமல் விட்டேன். மறைக்கவில்லை, சத்தியமாக மறைக்கவில்லை, அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியவில்லை, மூச்சு விடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா. அவருடைய பள்ளிக் காரில் அவர் பக்கத்தில் கூடுதலாக ஒரே ஒரு மிதி, பிரேக் மட்டும். இடது காலை எப்போதும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தக் கால் பிழைத்தது. நான் நாற்காலியை லிஃப்டை நோக்கித் தள்ளும்போது திருப்பத்துக்கு முன்னால் அந்தக் கால் பலகையை அழுத்தும், நான் மெதுவாகப் போவேன். ஊட்டும்போது ஸ்பூன் சீக்கிரம் வந்துவிட்டால், இன்னும் முந்தின வாய் இறங்கவில்லை என்றால், குதிகால் அழுத்தும். நான் ஸ்பூனை நிறுத்துவேன். அழுத்துவதற்கு முன்னாலேயே, பெருவிரல் லேசாக மடங்குமே, அப்போதே நிறுத்துவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஒரு ஏற்பாடு என்றுகூட நான் நினைத்ததில்லை. டக், டக். ஜெசிந்தாவின் முழங்கை உயர்கிறது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அப்படித்தான் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊட்டு என்று. வாய்க்குள் பழைய வாய் இருக்கிறது, அதன் மேல் புதிய வாய் வரப்போகிறது, இருமல் வரும், ஒரு முறை அப்படி வந்தது, ஆரம்பத்தில், உதடு கத்தரிப்பூ நிறமாகி, கண் என்னையே பார்த்துக்கொண்டு, நான் அவரைக் குனியவைத்து முதுகில் தட்டித் தட்டி, அந்தக் கண்ணில் பயம்கூட இல்லை, எனக்காகக் கவலைப்பட்ட மாதிரி இருந்தது. ஓடிப்போய் ஸ்பூனைப் பிடிக்க வேண்டும். இந்தக் கதவு, சமையலறை, அவ்வளவுதான் தூரம். போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தாவைப் பார்த்து இனி அவர் வாய் திறக்காது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. கதவில் கை வைத்துவிட்டேன். குளிர்ச்சியாக இருக்கிறது. என் இடது பாதம் வலிக்கிறது, பார்த்தால், வாஷிங் மெஷினின் அடிப்பலகையை அது அழுத்திக்கொண்டிருக்கிறது, கட்டைவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு, எவ்வளவு நேரமாகவோ.

முழங்கை பாதியில் நின்றது. "என்ன தாயி தட்டுதீய?" ஜெசிந்தா குனிந்து பார்க்கிறாள், மேசைக்கு அடியில், கால் பலகையை. ஸ்பூனை மறுபடி கொஞ்சம் உயர்த்துகிறாள். டக். இறக்குகிறாள். சத்தம் இல்லை. உயர்த்துகிறாள், டக். விளையாடுகிறாளா. ஜெசிந்தா சிரிக்கிறாள், அந்தப் பெரிய சிரிப்பு, புறாக்கள் வலையிலிருந்து எழுந்து பறக்கின்றன. "அடி ஆத்தீ, பிரேக்கு போடுதீயளா? வேகமா போறேன்னு மொதல்லயே சொல்லப்பிடாதா. சரி, பையப் போவோம், உங்க வண்டிதான." கிண்ணத்தில் ஸ்பூனை வைக்கிறாள். காத்திருக்கிறாள். நான் கதவிலிருந்து கையை எடுக்க மறந்து நிற்கிறேன். எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று, ஏதோ கால் இழுப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பொறுத்துக்கொண்டார். இவள் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், வாயைத் திறந்து கேட்டுவிட்டாள். கண் கரிக்கிறது, மேல்மாடித் தாளிப்பாக இருக்கும், இல்லை, தாளிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. குணாம்மா குனிந்து விழுங்குவது சடை அசைவதில் தெரிகிறது. நேரம் எடுத்துக்கொள்கிறார். அப்புறம் சொல்கிறார். செகண்டு. கடைசியில் லேசாகத் தரையைத் தொட்டு எழுந்தது அது. சரி, போ. எனக்குத் தெரியாதா அந்தச் சொல். ஜெசிந்தாவுக்கு அது என்னவென்று தெரியாது, அவள் அதைத் தினமும் கேட்கப்போகிறாளோ, இன்னும் வெகு நாள் கழித்துத்தான் கேட்பாளோ, எப்படியானாலும் இன்று கொடுக்கப்பட்டுவிட்டது. எனக்குக் கொடுத்த அதே சொல். அதைப் பங்கு போட முடியாது என்று நான் ஏன் நினைத்தேன்.

தீபாவளிக்கு ஒரு பெண் வந்திருந்தார், குணாம்மாவிடம் ஓட்டப் பழகி இப்போது சொந்தமாகக் கார் வாங்கியவர், தியாகி குமரன் வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறாராம், அதிரசம் கொண்டுவந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னிடம்தான் சொன்னார், ஆனால் குணாம்மாவைப் பார்த்துக்கொண்டே. "கடைசி கிளாஸ் அன்னைக்கு என்ன பண்ணாங்க தெரியுங்களா, காந்திபுரம் சிக்னலுக்கு நடுவுல, பிரேக்குல இருந்த காலை எடுத்து சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. சம்மணம் போட்ட மாதிரி. எனக்கு உசுரே போயிருச்சுங்க. மேடம் காலை வைங்க காலை வைங்கன்னு கத்தறேன், அவங்க ஜன்னல்ல வேடிக்கை பாக்கறாங்க." எல்லோருக்கும் அப்படித்தானாம், கடைசி நாள் பாடமே அதுதானாம். குணாம்மா அப்போது அதிரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அது அவருக்குக் கொடுக்கக் கூடாதது. அந்தப் பெண் போன பிறகு நான் ஒரு அதிரசத்தைப் பாலில் ஊறவைத்து மசித்து ஊட்டினேன், ரேணுகா அக்காவுக்குத் தெரியாமல். வேடிக்கை பார்த்தாராமே. உள்ளுக்குள் அந்தக் கால் எவ்வளவு துடித்திருக்கும் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எல்லோரும் வேடிக்கையா பார்க்கிறார்கள்.

கிண்ணம் பாதிக்கு மேல் போயிருக்கும், ஸ்பூன் சத்தம் ஆழத்திலிருந்து வருகிறது. ரேணுகா அக்காவின் கதவு திறந்து மூடுகிறது, எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார், மூக்கை உறிஞ்சும் சத்தம். நான் கதவை இன்னும் கொஞ்சம் விலக்குகிறேன், ஒரு கை நுழையும் அளவு. இப்போது கண்ணாடி தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒரு கண். குணாம்மாவின் கண், இடது கண், புருவத்தின் நரைத்த முனை, நான் வாராவாரம் கத்தரித்து விடுகிற அந்த நீண்ட முடி. அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது பார்க்க ஆரம்பித்த கண் இல்லை அது. செருப்பைப் பார்த்த கண், கதவு இடுக்கைப் பார்த்த கண், முதல் வாய் திறப்பதற்கு முன்னாலிருந்தே நான் இங்கே நிற்பது தெரிந்த கண். நான் நிற்பது தெரிந்துதான் வாயைத் திறந்தார். நான் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, ஒளிந்திருந்து பிடிபட்டவள் என்ன செய்வாள், தலையைக் குனிந்துகொண்டேன், தாடை நெஞ்சில் இடித்தது, அவருக்கு விழுங்கக் கற்றுக்கொடுத்த அதே குனிவு. நிமிர்ந்தபோது கண்ணாடியில் அந்தக் கண்ணின் ஓரம் சுருங்கியிருந்தது. சிரிக்கிறார். வாயில் சோற்றோடு சிரிக்காதீர்கள் குணாம்மா, முதலில் விழுங்குங்கள்.

விழுங்கினார். பிறகு அந்த இடது கை, பை கட்டாத கை, மடியிலிருந்து எழுந்தது. அவசரமில்லாமல் கைப்பிடி வரைக்கும் வந்தது. கண்ணாடியின் விளிம்பைப் பிடித்தது, வண்டி கிளப்புவதற்கு முன் எல்லோரும் செய்வது போல, இரண்டு விரலால், லேசாகத் தட்டித் தட்டி. நான் தெரிந்த கண்ணாடி மெல்லத் திரும்பியது. அதில் அவருக்குச் சமையலறை வாசல் போயிருக்கும், சுவர் போயிருக்கும், காலண்டர் வந்து போயிருக்கும். இப்போது அதில் ஜெசிந்தாவின் கையும் ஸ்பூனும், அதற்குப் பின்னால் வராந்தா வெளிச்சமும். "என்ன தாயி, என்னைய நோட்டம் பாக்குதீயளா, நல்லா பாருங்க" என்கிறாள் ஜெசிந்தா. செகண்டு, என்கிறார் குணாம்மா. காய்ந்த குரல். சாயங்காலம் நான் அந்த நாற்காலிக்கு முன்னால் போய் உட்காருவேன், போயிட்டு வரேன்மா என்பேன், அவர் ஏதாவது ஒரு செகண்டு சொல்வார், அது எதுவானாலும் இதற்குமேல் ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிட்டார். என் இடது பாதம் இன்னும் மெஷினின் அடியை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. எடுக்கிறேன். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒற்றைக் காலில், சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.